அகவணக்கத்துக்கு வேண்டிய ஆவணங்கள்

மௌனம் காப்பது எப்படி என்று உலகுக்குப் பாடம் நடத்தத் தகுதியுள்ள அமைப்பு ஒன்று உண்டென்றால், அது ரொறன்ரோவில் இயங்கும் இளஞ்சூரியன் விளையாட்டுக் கழகம்தான். ஆண்டுதோறும் ஆவணி மாதம் ஸ்காபரோவில் ஒரு பார்க்கில் கழகம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தும். இறுதி ஆட்டத்துக்கு முன் போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் அகவணக்கம். அந்த ஒரு நிமிடத்துக்காக எட்டு மாதம் கூட்டம் நடக்கும். பந்துக்குக் காற்றடிக்க மறந்த ஆண்டு உண்டு. அகவணக்க உபகுழுவை அமைக்க மறந்த ஆண்டு கிடையாது.

கழகம் இரண்டாக உடைந்ததும் இந்த மௌனத்தால்தான். ஒரு நிமிடம் போதும் என்றவர்கள் ஒரு பக்கம், இரண்டு நிமிடம் வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். இரண்டு நிமிடக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய் 'இளஞ்சூரியன் தாய்க் கழகம்' என்ற பெயரில் வேறொரு பார்க்கில் வேறொரு போட்டி நடத்துகிறார்கள். இரண்டு பகுதியும் ஒன்பது வருடமாக ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. இப்படியொரு மௌனத்தை வேறு எந்தச் சமூகம் கட்டிக் காத்திருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

இத்தனை பெருமை வாய்ந்த கழகத்திடம்தான் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் குணவதி ஒரு சின்ன விண்ணப்பத்தோடு போனாள். வயது ஐம்பத்திரண்டு, முதியோர் இல்லமொன்றில் வேலை. அவளுடைய தம்பி கஜீவன் ஊரில் இதே இளஞ்சூரியனுக்குக் கோல் காக்கும் கோலியாக நின்றவன். இறுதிப் போரின்போது, கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாளியோடு போனான். திரும்பி வரவில்லை. அவன் போன பக்கம் செல் குண்டு விழுந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. அப்போது குணவதி இங்கே கனடாவில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தாள்.

பதினாறு வருடமாக அழவேண்டியதெல்லாம் அழுதாயிற்று. இப்போது அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆசை. அகவணக்கத்துக்கு முன் அவனுடைய பெயரை மைக்கில் ஒருதரம் சொல்லவேண்டும். மைக்கில் தன் பெயரைக் கேட்பதென்றால் அவனுக்கு உயிர். "பாய்ந்து பிடிக்கிறார் கஜீவன்!" என்று அறிவிப்பாளர் ஒருதடவை சொன்னால் போதும், வீட்டில் மூன்று நாளைக்கு அதே கதைதான். சோற்றுக் கோப்பையைக்கூடப் பாய்ந்துதான் பிடிப்பான்.

மாசி மாதம், தலைவர் இராஜரட்ணத்தின் வீட்டுப் பேஸ்மென்ற்றில் கூட்டம். வெளியே பனி முழங்கால் மட்டும். உள்ளே தலைவரும் செயலாளர் வாகீசனும் கோட் அணிந்து, தேநீரும் ரோல்ஸும் முன்னால் வைத்து, இறந்தவர்கள் விடயமாக ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேர் மட்டும்தான் அண்ணை," என்றாள் குணவதி. "கஜீவன். நாலே நாலு எழுத்து. ஒரு செக்கன் காணும்."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "தங்கச்சி, உங்கட உணர்வை நான் மதிக்கிறன். ஆனா ஒரு பேரை வாசிச்சா மற்றவை கோவிப்பினம்."

"செத்தவை ஏன் அண்ணை கோவிக்கினம்?"

"செத்தவை இல்லை. அவையின்ர ஆக்கள்."

செயலாளர் வாகீசன் மடிக்கணினியைத் திறந்தார். கனடா அரசாங்கத்திடம் இல்லாத படிவமெல்லாம் அவரிடம் உண்டு. "அக்கா, இதுக்கு ஒரு நடைமுறை இருக்கு. உங்கட தம்பி எந்த வகைக்குள்ள வாறார்?"

"என்ன வகை?"

"வகை ஒண்டு, போராடி இறந்தவர். வகை ரெண்டு, போராடாமல் இறந்தவர். வகை மூண்டு, போராடினவரோ இல்லையோ எண்டு ஊரில ரெண்டு கதை இருக்கிற ஆள். வகை நாலு, மற்றவை."

"அவன் கஞ்சிக்குப் போனவன், தம்பி."

செயலாளர் திரையை மேலும் கீழும் உருட்டித் தேடினார். "கஞ்சியெண்டு தனி வகை இல்லை, அக்கா. 'மற்றவை'க்குள்ள போடுவம். மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டந்தனீங்களோ?"

"உடலையே எடுக்கேல்லை, தம்பி. பத்திரத்துக்கு எங்க போறது?"

"அப்ப அவர் காணாமல் போனவர். அகவணக்கம் இறந்தவைக்கு மட்டும்தான். கழகத்தின்ர சட்ட யாப்பில ஏழாம் பிரிவு."

"அங்க அரசாங்கமும் இதைத்தான் கேட்டது. பத்திரம் தாறம், செத்திட்டான் எண்டு கையெழுத்து வையுங்கோ எண்டவங்கள். அம்மா வைக்கமாட்டனெண்டு, சாகுமட்டும் அவன்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு, காணாமல் போன மற்றப் பிள்ளையளின்ர தாய்மாரோட றோட்டோரத்தில குந்தியிருந்தவ."

செயலாளர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "அவ அண்டைக்குக் கையெழுத்து வைச்சிருந்தா இண்டைக்கு எங்களுக்கு லேசா இருந்திருக்கும்."

குணவதி ரோல்ஸ் தட்டத்தை அப்படியே தூக்கி அவருடைய மடிக்கணினியில் கவிழ்க்க நினைத்தாள். கவிழ்க்கவில்லை. பெயர் மைக்கில் வரவேண்டுமே. "அம்மா நம்பேல்லை, தம்பி. நான் நம்பிட்டன். நம்பிறதுக்கு எனக்குப் பதினாறு வருஷம் எடுத்தது," என்றாள்.

தலைவர் மனம் இளகினார். உடனடியாக 'பெயர் ஆய்வு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவரும் செயலாளருமே அதன் உறுப்பினர்கள். உபகுழு நாலுதரம் கூடியது. கண்கண்ட சாட்சி வேண்டும் என்றது. குணவதி விடுமுறை எடுத்து, 401 நெடுஞ்சாலையில் ஒஷாவாவுக்கு ஓடி, அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற ஒருவரிடம் கடிதம் வாங்கி வந்தாள். உபகுழு அதை நுணுக்கமாகப் படித்தது. இவர் செல் விழுந்ததைக் கண்டிருக்கிறார், கஜீவனில் விழுந்ததைக் காணவில்லை என்று கண்டுபிடித்தது. காலையில் தூக்கத்தில் இறந்த ஒருவருக்குக்கூட இந்த உபகுழுவிடம் இறந்தவர் என்று பெயர் எடுப்பது கஷ்டம்.

ஆனாலும் நீதி செத்துவிடவில்லை. ஆடி மாதக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. 'தங்கள் விண்ணப்பம், நேரம் போதுமாயின் என்ற நிபந்தனையுடன், கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.' குணவதிக்கு முன்பாதி கண்ணில் படவே இல்லை. 'ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்ற சொல்லை மட்டும் பத்துத்தரம் வாசித்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

போட்டி நாளன்று பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு போனாள். உதைபந்தாட்டத்துக்குப் பட்டுச் சேலையா என்று பார்த்தவர்கள் பார்த்தார்கள். மைதான வாசலில் பெரிய பதாகை. அதில் ஊரில் எடுத்த பழைய அணிப் படம். பின்வரிசை நடுவில் தம்பி நிற்பான் என்று ஆவலோடு கிட்டப் போனாள். அந்த இடத்தில் வீட்டுக்கடன் எடுத்துத் தரும் மோர்ட்கேஜ் ஏஜென்ட் ஒருவருடைய தலை சிரித்துக்கொண்டிருந்தது. தலைக்குக் கீழே கோட்டும் கழுத்துப்பட்டியும். அதற்கும் கீழே கோலிக் கையுறை போட்ட இரண்டு கைகள் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"தம்பி வாகீசன், உது என்ர தம்பி நிண்ட இடம்!"

"அவர் கூடக் காசு தந்த பிளாட்டினம் அனுசரணையாளர், அக்கா. நடுவிலதான் போடவேணும்." செயலாளர் அவளைத் தேற்றும் குரலில் சொன்னார். "கையைப் பாருங்கோ. கை உங்கட தம்பியின்ரதான்."

குணவதி அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனாள்.

மாலை ஐந்தரை. இரண்டு அணியும் நடுக்கோட்டில் வரிசையாக நின்றன. பார்க்கை ஏழரைக்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதால் நடுவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் ஜனார்த்தன் மைக்கைப் பிடித்தார். இனிமையான குரல். ஊர்க் கலியாணங்களிலெல்லாம் பந்திக்கு வரச் சொல்லி அழைத்துப் பழகிய குரல். அவருடைய கையில் இரண்டு தாள்கள். கீழே இருந்த துண்டில் 'கஜீவன்' என்று குணவதியே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே! இந்த ஒரு நிமிட மௌனத்தை உங்களுக்குப் பெருமையுடன் வழங்குபவர்கள்..."

மேல் தாளை வாசிக்கத் தொடங்கினார். பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று வரிசைக்கிரமமாக வாசித்தார். வீடு விற்பவர், வீடு வாங்கித் தருபவர், வாங்கிய வீட்டுக்குக் கடன் எடுத்துத் தருபவர், கடன் கட்டமுடியாமல் போனால் வழக்குப் பேசுபவர், பல் வைத்தியர், பூப்புனித நீராட்டு விழா வீடியோ எடுப்பவர். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மைதானத்துக்குள் வந்து கைகூப்பி, படமெடுத்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றார்கள். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. குணவதி ஒவ்வொரு பெயருக்கும் 'அடுத்தது இவன், அடுத்தது இவன்' என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள்.

வரிசையில் நின்ற விதுஷன் என்ற பின்கள ஆட்டக்காரன் பக்கத்தில் நின்ற அணித்தலைவனிடம் கேட்டான். இங்கே பிறந்த பிள்ளை. "ப்ரோ, ஆக்சுவலி ஆர் செத்தது?"

"எவ்ரிபடி, ப்ரோ. சும்மா நில்."

மேல் தாள் முடிந்தது. ஜனார்த்தன் கீழ்த் தாளைத் தூக்கினார். குணவதி ஓரடி முன்னால் வந்தாள். நடுவர் மைதானத்திலிருந்தே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஜனார்த்தன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நேரம் போதாமையினால் நேரடியாகவே அகவணக்கத்துக்குச் செல்கிறோம்!"

எல்லோரும் தலை குனிந்தார்கள். கொத்துரொட்டிக் கடைக்காரர்கூடத் தகட்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் இத்தனை அழகான மௌனத்தை ஜனார்த்தன் வர்ணிக்காமல் விடுவது எப்படி? "ஆம்! இதோ அனைவரும் மௌனமாக நிற்கின்றார்கள்! தலைவர் தலை குனிகின்றார்! காற்றும் அசைய மறுக்கின்றது! என்னவொரு மௌனம்! பத்து விநாடிகள் கடந்துவிட்டன! ஒரு குழந்தைகூட..."

அவர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த இடைவெளியில், "கஜீவன்!" என்று ஒரு குரல் எழும்பியது.

ஊரில் கோட்டுக்கு வெளியே நின்று, தம்பி பந்தைப் பிடிக்கப் பாயும்போது குணவதி கத்துவாள். அதே கத்தல். மைதானத்தின் அந்த மூலைவரைக்கும் கேட்டது. அனுசரணையாளர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஜனார்த்தனுக்கு அடுத்த விநாடிக்குரிய வசனம் மறந்துபோனது.

"ஓ," என்றான் விதுஷன் அணித்தலைவனிடம், "அவரோ." பிறகு ஒருவரும் சொல்லாமலே இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்தான்.

கழகம் சும்மா இருக்குமா? அடுத்த கிழமையே ஒழுக்காற்று விசாரணை. அதே பேஸ்மென்ற், அதே ரோல்ஸ். தலைவர் குற்றப் பத்திரத்தை எழுந்து நின்று வாசித்தார். அறுபது விநாடி அகவணக்கத்தில் மூன்று விநாடி சேதம். அனுசரணையாளர் பலருக்கு அதிர்ச்சி. ஆய்வு பூர்த்தியாகாத ஒரு பெயர், உரிய அனுமதியின்றி, மைக்கும் இன்றி, பொது இடத்தில் உச்சரிக்கப்பட்டது.

"எங்களுக்கு உங்களில தனிப்பட்ட கோவம் இல்லை, அக்கா," என்றார் செயலாளர். மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். "இதில ஒரு கையெழுத்து மட்டும். உங்களைப்போல எல்லாரும் தங்கட ஆக்களின்ர பேரைக் கத்த வெளிக்கிட்டா, செத்தவைக்கு என்ன மரியாதை?"

குணவதி பேனையை எடுத்தாள். திரும்ப வைத்தாள். "கையெழுத்து வைக்கிறன். அண்டைக்கு மைக்கில வாசிச்ச பட்டியலை ஒருக்காத் தாங்கோ பாப்பம்."

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "தாராளமாப் பாருங்கோ தங்கச்சி! நாப்பத்தொரு பேர். ஒருத்தரையும் விடேல்லை, ஒரு உச்சரிப்புப் பிழை இல்லை. இந்த ரொறன்ரோவில ஆர் இப்பிடிச் செய்யினம்?"

அவள் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் மெதுவாக வாசித்தாள். அவசரப்படவில்லை.

"அண்ணை, உதில செத்த ஆள் ஆர்?"

பொறுப்பான கேள்வி. தலைவரும் செயலாளரும் தலையோடு தலை வைத்துப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் சரிபார்த்தார்கள்.

"ஒருத்தருமில்லை, தங்கச்சி," என்றார் தலைவர் நிம்மதியோடு. "கடவுளேயெண்டு எல்லாரும் நல்ல சுகமா இருக்கினம்."