ரெமிஜியஸ் மூளையை அளந்த கதை

குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்த ரெமிஜியஸ், பெற்ற மகளின் மூளையை அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தான்.

அளப்பது அவன் தொழில். அங்கே கட்டட வேலையில் ஃபோர்மேன். சுவர் நேராக நிற்கிறதென்று கண்ணால் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். திருக்காட்டுப்பள்ளி வீட்டுக்கு வந்த மறுநாளே சாப்பாட்டு மேசைமேல் ரசமட்டத்தை வைத்து, மேசைக்கு ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்தான். அதற்குள் ரசம் ஆறிப்போனது.

மகள் ஜெனிட்டாவுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. மனைவி சான்ட்ராவின் வயிற்றில் அவள் இருந்தபோது விமானம் ஏறியவன், மாதாமாதம் கேசட்டில் பேசி அனுப்பினான். ஆகவே குழந்தை டேப்ரெக்கார்டரை அப்பா என்றது. நேரில் வந்து நின்றவனை மாமா என்றது. இந்த மாமா எப்போது அவங்க வீட்டுக்குப் போவாங்க என்றும் அம்மாவிடம் விசாரித்தது.

இதில் தன் பங்கு ஏதும் இருப்பதாக ரெமிஜியஸுக்குத் தோன்றவில்லை. குழந்தையின் மூளையில்தான் எங்கோ மட்டம் தப்பியிருக்கிறது என்று பட்டது.

தஞ்சாவூரில் புதிதாக ஓர் இங்கிலீஷ் நர்சரி திறந்திருந்தார்கள். புத்திக்கூர்மை டெஸ்ட் வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்களாம். தேறினால் காலை ஆறரைக்கு வேன் வீட்டு வாசலுக்கே வரும். குவைத்தில் பக்கத்துக் கட்டில்காரனின் மகன் இப்படி ஒரு டெஸ்டில் நூற்று ஐம்பது வாங்கியவன். அதைக் கேட்டுக் கேட்டு ரெமிஜியஸின் ரத்த அழுத்தமும் அங்கேயே போய் நின்றது.

சான்ட்ரா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இந்த வயதுப் பிள்ளைக்குப் பசி வந்தால் ஒரு புத்தி, தூக்கம் வந்தால் ஒரு புத்தி. இன்றைக்குத் தெரிந்தது நாளைக்குத் தெரியாது, தெரியாதது ராத்திரியோடு ராத்திரியாகத் தெரிந்துவிடும். அதை அரைமணி நேரத்தில் எவர் அளப்பது? தெருக்கோடியில் தான் படித்த சிஸ்டர்கள் பள்ளி இருக்கும்போது, தூங்குகிற குழந்தையை வாரி வேனில் போடுவானேன்?

"அளக்க முடியாததுன்னு உலகத்துல ஒண்ணுமே கிடையாது சான்ட்ரா."

"அப்ப உங்க பிடிவாதத்தை மொதல்ல அளங்க. டேப்பு பத்தாது."

மறுநாள் சான்ட்ரா அடியோடு மாறிவிட்டாள். மாமனார் ஆசீர்வாதத்தைச் சாட்சிக்கு உட்காரவைத்துக்கொண்டு ஒரு ஒப்பந்தம் பேசினாள். டெஸ்ட் என்ன சொல்கிறதோ அதன்படி நடப்பது. தேறினால் தஞ்சாவூர், தேறாவிட்டால் தெருக்கோடி. அப்புறம் யாரும் பேச்சு மாறக்கூடாது. வாய்க்கால் வழக்கில் ஜெயித்தவனைப் போல ரெமிஜியஸ் தலையாட்டினான்.

பயிற்சிக்கும் அவளே வழி சொன்னாள்.

"சும்மா கேட்டா புள்ள எதுக்குச் சொல்லும்? ஒரு பதிலுக்கு ஒரு சாக்லேட் குடுங்க."

தன்னோடு குடும்பம் நடத்தியதில் தன் புத்தி கொஞ்சம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ரெமிஜியஸ் பூரித்துப்போனான். படஅட்டைகளை வாங்கிவந்து உட்கார்ந்தான். ஜெனிட்டா யானை என்றாள், ஒரு சாக்லேட். குடை என்றாள், ஒரு சாக்லேட். ஒரு வாரத்தில் குழந்தை ஏரோப்ளேன் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா எங்கே என்று கேட்டால் அவனையே கைகாட்டியது. அதற்கும் ஒன்று போயிற்று.

டெஸ்ட் நாள் வந்தது. நர்சரி மேடம் சிரித்தபடி யானைப் படத்தை நீட்டி, இது என்ன கண்ணு என்றார். ஜெனிட்டா யானையைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். மேடம் அதைப் பிடித்துக் குலுக்கி 'குட் கேர்ள்' என்றார். குழந்தை கையை விரித்துப் பார்த்தது. ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டது.

குடைக்கும் அதே கதி. ஏரோப்ளேனுக்கும் அதே கதி. ரெமிஜியஸ் தன் சட்டைப்பையைத் துழாவினான். காலி. சாக்லேட்டெல்லாம் சான்ட்ராவின் கைப்பையில். கண்ணால் ஜாடை காட்டினான், கனைத்தான். சான்ட்ராவோ ஜெபமாலையும் கையுமாகக் கண்களை மூடியிருந்தாள். ஜெபம் பண்ணுகிறவளை எப்படி உலுக்குவது? வேறு வழியில்லாமல் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று, கையைத் தும்பிக்கையாக்கி ஆட்டினான்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "சார், டெஸ்ட் உங்களுக்கு இல்ல" என்றார்.

குழந்தைக்குப் புரிதல் போதாது, அடுத்த வருஷம் கூட்டிவந்து பார்க்கலாம் என்று முடிவு சொன்னார்கள்.

பூதலூர் வழி பஸ்ஸில் ரெமிஜியஸ் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். சான்ட்ரா கைப்பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே காட்டி, அது என்ன என்று மகளைக் கேட்டாள்.

"கொக்கு."

"அது?"

"டிராக்டர்."

"அவங்கள்லாம் என்ன பண்றாங்க?"

"நாத்து நடுறாங்க. ஏம்மா, அந்த டீச்சர்கிட்ட சாக்லேட்டே இல்லியா?"

ரெமிஜியஸ் நிமிர்ந்தான். "பையிலயே வச்சிருந்தியே, அங்க ஒண்ணு எடுத்து நீட்டியிருக்கக் கூடாதா?"

"டெஸ்ட்டு நடக்கும்போதா?" என்றாள் சான்ட்ரா. "அது பிட் அடிக்கிறதுல சேரும்ங்க."

சாக்லேட் யோசனையை முதலில் சொன்னது யார் என்று அவன் நினைத்துப் பார்க்க ஆரம்பித்தான். விடை கிடைத்தபோது ஊர் வந்துவிட்டது. வீட்டில் ஆசீர்வாதம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பேச்சு மாறக்கூடாது என்று மகனுக்கு நினைவூட்டினார்.

திங்கட்கிழமை மூவரும் தெருக்கோடிக்கு நடந்தே போனார்கள். சான்ட்ராவுக்கே ஒன்றாம் வகுப்பு எடுத்த விண்ணரசி சிஸ்டர்தான் இப்போது தலைமை. குழந்தையின் பெயரைக் கேட்டார், தானாகச் சாப்பிடுமா என்று கேட்டார், பெயரை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

ரெமிஜியஸுக்குப் பொறுக்கவில்லை. "புத்தி எப்படின்னு ஒண்ணுமே பார்க்கலையே சிஸ்டர்?"

சிஸ்டர் சான்ட்ராவை ஒரு முறை பார்த்தார். பிறகு அவனை ஒரு முறை பார்த்தார்.

"அதெல்லாம் பார்க்கறதில்ல சார். வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா போதும்."