திருப்திகரமான சாலைக்கு உகந்த குழந்தை வண்டி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அந்தச் சக்கரம் எதற்கு லாயக்கு என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒரே நகரம் எங்கள் நகரம்தான். இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய சக்கரம் உலகத்தில் எங்கேயும் உருளும். அந்தப் பெருமையில் எனக்கும் சிறு பங்கு உண்டு. நான் சாலைப் பராமரிப்புத் துறையில் வேலை பார்க்கிறேன்.

சாலையைப் பராமரிக்கும் பிரிவில் அல்ல. அப்படியொரு பிரிவு இருப்பதாக நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் இருப்பது பதில் பிரிவு. புகார் வரும், பதில் போகும். நடுவில் வேறு எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கடமை. ‘பள்ளம்’ என்ற சொல் எங்கள் பிரிவில் புழக்கத்தில் இல்லை. யாராவது பள்ளம் என்று எழுதினால், “தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் சாலை சற்றே பணிவாக உள்ளது” என்று பதில் எழுதுவேன். பணிவு நல்ல குணம்தானே? அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

துறையில் எனக்கு மரியாதை வந்தது ஒரு கருத்துக் கணிப்பால். “உங்க தெரு ரோடு எப்படி இருக்கு?” என்று ஊர் முழுக்கக் கேட்டோம். மக்கள் ஒரு பெருமூச்சு விட்டு, “என்னத்தச் சொல்ல... பரவாயில்ல” என்றார்கள். பெருமூச்சைப் பதிவு செய்ய வழியில்லாததால் பரவாயில்லையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பரவாயில்லை என்றால் மோசமில்லை. மோசமில்லை என்றால் நன்று. நன்று என்றால் திருப்தி என்று நான் விளக்கக் குறிப்பு எழுதினேன். மொழியின் வளத்தை இவ்வளவு சிக்கனமாக யாரும் பயன்படுத்தியதில்லை என்று செயற்பொறியாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பைக்கில் அலுவலகம் வந்த முதுகு. வலியில் உயிர் போயிற்று. பரவாயில்லை என்றேன்.

வீட்டில்தான் ஒரு குறை. என் மகள் குண்டுமணிக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகவே கேட்டது. அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருவாள். ஆனால் அந்த வாய்க்குள் பிஸ்கட் போகுமே தவிர, சொல் வெளியே வராது. பக்கத்து வீட்டுக் குழந்தை “அம்மா” என்று கூப்பிடும்போதெல்லாம் என் மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அந்த ஜன்னல் சத்தம் எனக்குப் பழகவே இல்லை.

“நாலு சுவத்தையே பார்த்துக்கிட்டிருந்தா என்னத்தப் பேசும்?” என்றார் டாக்டர். “தினமும் வெளிய கூட்டிட்டுப் போங்க. காக்கா, மரம், நாய்னு காட்டிக் காட்டிப் பேசுங்க. வந்துடும்.”

தூக்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் குண்டுமணி என்ற பெயரில் முன்பாதி காரணப்பெயர். தெருமுனை வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். எனவே ஒரு குழந்தை வண்டி வாங்குவதென்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

கடை வாசலில் ‘மாபெரும் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தது. எங்கள் தெரு நடைபாதையும் அப்படித்தான்: கொஞ்சம் தள்ளு, உடனே படி, மறுபடி தள்ளு, மறுபடி படி. இவ்வளவு நேர்மையான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒரு வண்டியை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். வழவழப்பான தரையில் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. அதில் செல்போன் வைக்க இடம், காப்பி வைக்க இடம், சாவி வைக்க இடம் எல்லாம் இருந்தன. தேடிப் பார்த்ததில் குழந்தை வைக்கவும் இடம் இருந்தது.

“தம்பி, இதை வெளிய ரோட்டுல ஒரு தடவ தள்ளிப் பார்க்கலாமா?” என்று கேட்டாள் என் மனைவி.

விற்பனையாளர் முகம் வெளுத்துவிட்டது. “ரோட்டுலயா? அக்கா, ரோட்டுல தள்ளினா வாரன்டி போயிடும்.”

“அப்ப எங்கதான் தள்ளறது?”

“வீட்டு ஹால்ல தள்ளலாம். மால்ல தள்ளலாம். ஏர்போர்ட்ல ரொம்ப நல்லாப் போகும்.”

“ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர ரோடு வேணாமா?”

“அதுக்கு டாக்ஸி இருக்கே அக்கா.”

துறை சார்பில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நம்ம ரோடு திருப்தியா இருக்குன்னு கணிப்பே சொல்லுது” என்று அந்த வண்டியையே வாங்கினேன். அதன் சக்கரம் ஆரஞ்சுப்பழ அளவு. மறுநாள் காலை தெருமுனைப் பணிவு அதை முழுசாக உள்வாங்கிக்கொண்டது. நாங்கள் இழுத்தோம். வண்டி வந்தது, சக்கரம் வரவில்லை.

அடுத்த முறை மனைவி அளவுநாடாவோடு புறப்பட்டாள். நிறுத்தி வைத்த பைக்குகளுக்கும் மின்பெட்டிக்கும் நடுவில் உள்ள சந்தின் அகலத்தை முதலில் அளந்தாள்; வண்டி அதற்குள் நுழைய வேண்டும். சக்கரம் பெரிதாக, காற்றடிப்பதாக இருக்க வேண்டும். முன்சக்கரம் கண்டபடி திரும்பாமல் பூட்ட முடிய வேண்டும். இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங், குழந்தையின் தோளுக்கும் இடுப்புக்கும் காலிடுக்குக்கும் வார். திறந்த சாக்கடை வந்தால் ஒரு ஆள் குழந்தையோடு தூக்கித் தாண்டும் எடை. விற்பனையாளர் ரொம்ப யோசித்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். “அக்கா, இது மலைப்பாதையில ஓட்டப்பயிற்சி பண்றவங்களுக்காகச் செஞ்சது.”

“சரியாப் போச்சு. அதையே கட்டுங்க.”

வண்டி வாங்குவது கல்யாணம் மாதிரி, சுலபம். பராமரிப்புதான் குடும்ப வாழ்க்கை. தினமும் திரும்பி வந்ததும் சக்கரங்களைக் கழற்றி, அச்சில் சுற்றிய தலைமுடி, சணல், பாலிதீன் எல்லாவற்றையும் உருவி எடுக்க வேண்டும். மணலை பிரஷ்ஷால் தட்டி, சொட்டு எண்ணெய் விட வேண்டும். குலுக்கலில் தளர்ந்த திருகுகளை முறுக்க வேண்டும். வாரை இழுத்துப் பார்க்க வேண்டும். சாலையைப் பராமரிக்கும் துறையில் இத்தனை வருஷம் இருந்தும், பராமரிப்பு என்றால் ஏதோ செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டயர் பஞ்சரானால் தெருக்கோடி சைக்கிள் கடைக்குப் போவோம். கடைக்காரர் நான் எந்தத் துறை என்று தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். “சார், உங்க துறை நல்லா இருக்கணும். மாடி கட்டினதே உங்களாலதான்” என்றார். மக்களிடமிருந்து இவ்வளவு நேரடியாக நன்றி கிடைத்தது அதுவே முதல் தடவை.

மாலையில் மனைவி தள்ளிக்கொண்டு போவாள். “பாரு, காக்கா! பாரு, மரம்!” குண்டுமணி பார்ப்பாள், வாயே திறக்க மாட்டாள். காலையில் என் முறை. எனக்குக் காக்காயைக் காட்ட நேரமிருக்காது. கண் முழுக்கத் தரையில். வண்டி குலுங்கும்போதெல்லாம் குழந்தை மிரண்டு அழ வாயெடுப்பாள். நான் உடனே குனிந்து, “பரவாயில்ல, பரவாயில்ல, ஒண்ணுமில்ல” என்பேன். அவளும் வாயை மூடிக்கொள்வாள். ஒரு தெருவுக்குள் எத்தனை பரவாயில்லை என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை வண்டி தடாலென்று இறங்கி ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் குண்டுமணி கழுத்தைத் திருப்பி என்னை அண்ணாந்து பார்த்தாள். “பவால்ல” என்றாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். “பேசிட்டா! பேசிட்டா!”

மனைவி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தாள். “அம்மான்னா சொன்னா?”

“இல்ல.”

“அப்பான்னா?”

“பரவாயில்லன்னு சொன்னா.”

அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. “கொழந்தை பேசற முதல் வார்த்தையா அது?” என்று கேட்டாள். பிறகு பேசிவிட்டாளே என்று அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷம்தான்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட செயற்பொறியாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. “முதல் சொல்லே திருப்தியா! யோவ், பெரியவங்க பொய் சொல்லலாம். கொழந்தை சொல்லுமா? ‘திருப்திகரமான சாலை’ன்னு ஊர் பூரா பலகை வைக்கப் போறோம்ல, முதல் பலகை உங்க தெருவுலதான்.”

“அவ என்ன அமுக்கினா பேசற பொம்மையா?” என்றாள் மனைவி, நான் வீட்டில் சொன்னதும். ஆனாலும் குழந்தையைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே வந்தாள்; வார்களை அவளே இறுக்கிப் பூட்டினாள்.

விழா சிறப்பாக நடந்தது. கேமரா முன்னால் செயற்பொறியாளர் குனிந்து, “பாப்பா, ரோடு எப்படி இருக்கு?” என்று கேட்டார். அவர் தலை வண்டியின் மேல்கூரையில் இடித்ததில் வண்டி கொஞ்சம் குலுங்கியது. “பவால்ல” என்றாள் குண்டுமணி. கைதட்டல் தெருவைப் பிளந்தது, மிச்சமிருந்ததை. உற்சாகம் தாங்காமல் செயற்பொறியாளர், “ஒரு போட்டோ எடுப்பா, நானே தள்றேன்” என்று வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே தள்ளினார். நேர் எதிரே, பலகைக் கம்பத்தை நடுவதற்காகத் தோண்டி வைத்த ஒன்று இருந்தது. இந்தத் தெருவில் முறையாக அளவெடுத்துத் தோண்டியது அது ஒன்றுதான். நான் பார்த்துவிட்டேன். கத்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல் போதும். பதில் பிரிவுப் பழக்கம், அந்தச் சொல் வாயில் வரவில்லை. “சார், தங்களுக்கு முன்னால் சற்றே...” என்று நான் தொடங்குவதற்குள் வண்டி கவிழ்ந்துவிட்டது.

வார் பிடித்துக்கொண்டதால் குழந்தை வெளியே விழவில்லை. உதடு மட்டும் கிழிந்து ரத்தம் கொட்டியது. மனைவி தரையில் உட்கார்ந்து அவளை வாரி எடுத்தாள்.

“பரவாயில்ல, பரவாயில்ல, சின்னக் காயம்தான்” என்றார் செயற்பொறியாளர்.

குண்டுமணியின் முகம் கோணியது. கண்ணில் நீர் கட்டியது. அழப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எச்சிலையும் ரத்தத்தையும் சேர்த்து விழுங்கினாள். அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, “பவால்ல” என்றாள்.

“அழுடி கண்ணு” என்றாள் மனைவி. “வலிச்சா அழணும்டி. சத்தமா அழு.”

அவள் அழவில்லை. அம்மாதான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்; பலகையை நட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதும் குண்டுமணி டாக்டரைப் பார்த்து அதையே சொன்னாளாம். “என்ன சமத்து!” என்று நர்ஸ் பாராட்டினாராம்.

“பேச்சு வர்றதுக்கு ஒரு டாக்டரப் பார்த்தோம்” என்றாள் மனைவி வீடு திரும்பியதும். “அழுகை வர்றதுக்கு யாரப் பார்க்கறதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்கதானே பதில் பிரிவு?”

எல்லாம் இருக்கட்டும், வண்டியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். தலைகீழாகக் கவிழ்ந்தும் அச்சு வளையவில்லை. டயரில் காற்று இறங்கவில்லை. ஸ்பிரிங், வார், பூட்டு எல்லாம் கச்சிதம். மண்ணைத் துடைத்ததும் கடையில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. எங்கள் நகரத்துச் சாலைகளுக்கு இதைவிட உகந்த வண்டி கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கெட்டுப்போனது அதில் உட்கார்ந்திருந்த குழந்தை மட்டும்தான்.