கடலுக்கு இருபது நிமிடம்

கடற்கரை மணலில் உட்காரவே கூடாது என்ற உறுதியோடுதான் டைம்கீப்பர் தன் மனைவியைக் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்.

அவருக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. வண்டி வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் நோட்டில் குறித்து, விசில் ஊதி அனுப்புகிற வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறார். ஒரு வண்டிகூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டார். குளிக்க ஒன்பது நிமிடம், காய் நறுக்கப் பதினொரு நிமிடம் என்று ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். மனைவி அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கடலுக்கு முன்னால் ஒரு பொழுது முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் கேட்டது. பத்தொன்பது வருடமாக அவர் பிடிகொடுக்கவில்லை. அந்தச் 'சும்மா'தான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மணலும் ஆகாது. ஷூவுக்குள் ஒரு துளி மணல் போனாலும் நடுத்தெருவில் ஒற்றைக்காலில் நின்று உதறுவார்.

"கடல்ல பாக்க என்ன இருக்கு? ஒரு அலையைப் பாத்தா எல்லா அலையும் பாத்த மாதிரி."

"அப்படியா? ஒரு பஸ்ஸைப் பாத்தாச்சுல்ல, தினமும் எதுக்குங்க வேலைக்குப் போறீங்க?"

இதற்குப் பதில் கிடைக்காததால்தான் அவர் லீவு போட்டார். ஆனால் நான்கு நாளுக்கும் நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டதும் அவரேதான். அரும்பொருட்காட்சியகம், கலங்கரை விளக்கம், பழைய துறைமுகம், நடன அரங்கு என்று வரிசையாக வந்து, ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் 'கடற்கரை: 20 நிமிடம்' என்று இருந்தது. முன்னால் எது நீண்டாலும் கடைசி வரியில் கழித்துக்கொள்ளலாம். பேருந்து நிலையத்தில் கற்ற வித்தை அது. அங்கே ஓட்டுநரின் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பார்கள்.

வித்தை பலித்தது. முதல் நாள் அரும்பொருட்காட்சியகத்தில் உடைந்த சட்டிகளின் முன்னால் நின்று கடற்கரையைத் தீர்த்தார். இரண்டாம் நாள் நடனம் பார்த்ததில் தீர்ந்தது. மூன்றாம் நாள் கலங்கரை விளக்கத்தின் படிகளை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை எண்ணினார். இரண்டும் ஒத்துவராததால் மறுபடி ஏறினார்.

"மேலேருந்து கடல் தெரிஞ்சுதுல்ல? அதுல இருபது நிமிஷம் வரவு வச்சுக்கோ" என்றார்.

அன்று மாலை அவர் அறையில் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கீழே போய் விடுதி முகப்பில் தொங்கிய அறிவிப்புப் பலகையை வெகுநேரம் படித்தாள்.

நான்காம் நாள் கோட்டை. கரையைவிட்டுத் தள்ளி, கடலுக்குள் ஒரு பாறைத் திட்டின்மேல் நின்றது. கரையிலிருந்து கல் பாவிய பாதை ஒன்று அதுவரை போயிற்று. காலை பதினொரு மணிக்கு இருவரும் அதில் நடந்தார்கள். மனைவியின் தோளில் பெரிய பை.

"கல்லெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"காலைல கழுவி விட்டிருப்பாங்க."

"நல்ல நிர்வாகம்" என்று டைம்கீப்பர் பாராட்டினார். "ஆமா, பையில என்ன?"

"பொம்பளைங்க பையில என்ன இருக்கும்? வாங்க, நாப்பது நிமிஷம்தானே போட்டிருக்கீங்க."

கோட்டைக்குள் போனதும் ஓர் அதிசயம் நடந்தது. மனைவி அவரிடம் சந்தேகம் கேட்டாள். பத்தொன்பது வருடத்தில் 'பால் வாங்கினீங்களா?' தவிர அவள் அவரிடம் எதையும் தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை.

"இந்த ஓட்டை எதுக்குங்க?"

அவருக்கு வாயெல்லாம் பல். கோட்டையைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை முந்தின நாளே கரைத்துக் குடித்திருந்தார். "பீரங்கி வைக்க!"

"அப்ப அந்த ஓட்டை?"

"அதுவும் பீரங்கிக்குத்தான்."

"ரெண்டுல எது பெரிசு?"

புத்தகத்தில் அது இல்லை. முழம் போட்டு அளந்தார். பிறகு மதிலின் உயரம், தானியக் கிடங்கின் அகலம், மூன்று தடவை கைமாறிய கோட்டையின் முற்றுகைகள் என்று அள்ளிவிட்டார். மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நாற்பது நிமிடம் முடிந்தது. கடற்கரையில் ஐந்தைக் கழித்தார். பிறகு பத்து. இருபதும் கரைந்தபோது அவருக்குப் பரம திருப்தி.

அப்போது வாசல் பக்கம் நீளமாக ஒரு விசில் கேட்டது.

"என்ன விசில்?"

"எவனாவது சுவத்துல ஏறியிருப்பான். அதை விடுங்க, மூணாவது முற்றுகையில தண்ணிக்கு என்ன பண்ணாங்க?"

விசில் என்றால் கிளம்பு என்று அர்த்தம். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி அவ்வளவு அருமையான கேள்வி. கிணறு எங்கே இருந்தது என்று தேடிக் காட்டப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு வெளியே வந்தார்கள். பாதையைக் காணோம். பாதை இருந்த இடத்தில் கடல் இருந்தது.

டிக்கெட் கொடுப்பவர் வாசலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். "பன்னண்டே காலுக்கே ஊதிட்டேனே சார். எல்லாரும் போய்ட்டாங்க. நீங்க இருந்துட்டுப் போறதா அம்மா காலைலயே சொன்னாங்களே?"

"தண்ணி எப்பய்யா இறங்கும்?"

"ஆறு இருபது."

"படகு கிடகு?"

"அவசரம்னா கூப்பிடலாம். அவசரமா சார்?"

"எங்களுக்கு என்னண்ணே அவசரம்?" என்றாள் மனைவி. "கடற்கரைக்கு ஒதுக்கின நேரமும் தீந்துபோச்சு. இனி இவருக்கு ஒரு வேலையும் இல்ல."

கோட்டைச் சுவருக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி, நிழலில், கடல் ஏறினாலும் மூழ்காத ஒரு சின்ன மணல் திட்டு இருந்தது. அவள் இறங்கிப் போய்ப் பையைத் திறந்தாள். பாய் வந்தது. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்க், இரண்டு டம்ளர், இரண்டு துண்டு. ஒரு துண்டு அவருடையது.

"எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சியா?"

"உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்." அவள் காலை நீட்டினாள். ஓர் அலை வந்து பாதத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. பத்தொன்பது வருடம் காத்திருந்தவள், கண்ணை மூடிக்கொண்டாள். "விடுதி வாசல்ல கடலுக்கு டைம்டேபிள் போட்டிருக்காங்க. எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும்னு. நிமிஷம் தப்பாதாம். நீங்க பாக்கலையா?"

அவர் பார்க்கவில்லை. உலகத்தில் தன்னைத் தவிர இன்னொருவர் அட்டவணை போடுவார் என்று அவர் நினைத்ததே இல்லை. ஷூவோடு பாயின் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். ரொட்டியைச் சுற்றியிருந்த தாள் அவருடைய நான்காம் நாள் அட்டவணையாக இருந்தது. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து:

11.00 கோட்டை.
12.15 விசில். (காதில் விழாது.)
1.00 கத்துவார்.
1.20 சாப்பாடு.
1.50 ஷூவைக் கழற்றுவார்.
6.20 வரை கடல்.

மணி அப்போது 1.44. 'உயிரே போனாலும் கழற்றமாட்டேன்' என்று மனதுக்குள் சபதம் போட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார். ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. காற்று சுகமாக வந்தது. ஓர் அலை எதுவரை வரும் என்று கவனித்தார். அடுத்தது அதைத் தாண்டி வந்தது. அதற்கு அடுத்தது குறைந்தது. ஒன்று பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி இல்லைபோல. அப்போது பெரிய அலை ஒன்று எழும்பி வந்து, கேட்காமல் கொள்ளாமல் இரண்டு ஷூவையும் நிரப்பிவிட்டுப் போயிற்று.

கழற்றி, கவிழ்த்து, காலைத் தண்ணீரில் விட்டார். பழக்க தோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

சரியாக 1.50. இருபத்தாறு வருடத்தில் குறித்த நேரத்துக்கு நிமிடம் பிசகாமல் வந்து சேர்ந்த முதல் வண்டி அவர்தான்.