முள்ளம்பன்றி கல்லூரி தேர்ந்தெடுத்த கதை

ஒரு காட்டில் இருநூற்றுப் பதினான்கு விலங்குகள் இருந்தன. பறவைகளைச் சேர்க்கவில்லை. மருத்துவர் ஒருவரும் இல்லை.

அங்கே ஏகாம்பரம் என்ற முள்ளம்பன்றிக்குப் பொறியில் சிக்கிய பின்கால் மூன்று வருடமாக ஆறவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த அவர் மகள் தவமணி, மருத்துவராகி அந்தக் காலைக் குணப்படுத்துவது என்று முடிவு செய்தாள்.

அந்தப் பக்கத்துக் காடுகள் எதிலும் நேராக மருத்துவம் படிக்க முடியாது. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் படிக்க வேண்டும். பிறகு அந்தக் கல்லூரி சிபாரிசுக் கடிதம் கொடுத்தால்தான் மருத்துவப் பள்ளியின் நுழைவுத் தேர்வை எழுதலாம்.

தவமணி பதினேழு கல்லூரிகளுக்குப் படிவங்களை நிரப்பினாள். 'நீ ஏன் மருத்துவராக விரும்புகிறாய்?' என்ற கட்டுரையில் அப்பாவின் காலைப் பற்றி எழுதினாள். உச்சிமலைக் கல்லூரி அதைத் திருப்பி அனுப்பியது. 'கால் இன்னும் கொஞ்சம் வலிக்கலாம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அவள் வலிக்க வைத்தாள். இடம் கிடைத்தது. தாமரைக்குளக் கல்லூரியிலும் கிடைத்தது. மற்ற பதினைந்தும் பதில் போடவில்லை. எதில் சேர்வது என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கைப்பேசியில் சொல்ல வேண்டும்.

அவள் தோழி கோமதி ஓர் ஆமை. அவளுக்கும் இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. இருவரும் நேரில் பார்த்துவரப் போனார்கள். ஆமையோடு போவதால் ஒரு மாதம் முன்னதாகவே கிளம்பினார்கள்.

உச்சிமலையில் ஒரு மயில் சுற்றிக் காட்டியது.

"ஐந்நூறு பேர் கேட்டா ஒருத்தரைத்தான் எடுப்போம். இங்கேருந்து மருத்துவத் தேர்வு எழுதினவங்க நூத்துக்கு நூறு பாஸ்."

தவமணி நாற்காலிகளை எண்ணினாள். முதல் வருட வகுப்பில் எண்பது. நான்காம் வருட வகுப்பில் எட்டு.

"மீதி எழுபத்திரண்டு பேர் எங்கேண்ணே?"

"அவங்களுக்கு ஆர்வம் மாறிடுச்சும்மா."

"தானாவா?"

"கடிதம் கிடையாதுன்னு சொன்னோம். மாறிடுச்சு" என்று மயில் தோகையை விரித்தது.

தாமரைக்குளத்தில் முதல் வருடம் நாற்பது நாற்காலி. நான்காம் வருடமும் நாற்பது. நாரை வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றபடி கூச்சத்தோடு சொன்னார்:

"எல்லாருக்கும் கடிதம் கொடுத்துருவோம். முப்பது பேர் பாஸாவாங்க. பத்துப் பேர் பெயிலாவாங்க. அந்தப் பத்துப் பேர் யாருன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியமாட்டேங்குது."

தவமணி வீட்டுக்கு வந்து மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டினாள். "எண்பதுக்கு எட்டு. நாப்பதுக்கு முப்பது. குளம்தாம்ப்பா."

ஏகாம்பரம் இரண்டு முறை சரிபார்த்தார். பிழை இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தபோது பக்கத்துப் புதர்க் காட்டுப்பன்றி உள்ளே வந்தது.

"என்ன மச்சான், பொண்ணைக் குளத்துலயா தள்றே? என் பையன் உச்சிமலைக்குப் போட்டான். கிடைக்கலை."

"அதனால மாமா?" என்றாள் தவமணி.

"எங்களுக்கே கிடைக்காத இடம்னா சும்மாவா? குளத்துல தவளை வீட்டுப் பொண்ணெல்லாம் படிக்குது."

"தவளையா?" என்றார் ஏகாம்பரம். அப்புறம் மகளைப் பார்த்து, "உன் கணக்கு சரிதாம்மா. ஆனா கணக்கை வாசல்ல மாட்ட முடியாதே" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவரே கைப்பேசியில் உச்சிமலைக்கான பொத்தானை அழுத்தினார். கோமதி குளத்துக்குப் போனாள். இன்னொரு தடவை மலையேற அவளால் முடியாது.

மூன்றாம் வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தவமணிக்கு ஆர்வம் மாறியது. படிப்பு முடிந்ததும் அங்கேயே மயிலுக்கு உதவியாக வேலை கிடைத்தது. நாற்காலிகளை எண்ணும் பிள்ளைகளை வேறு பக்கம் அழைத்துப் போவது அவள் வேலை.

கோமதி தேர்வில் இரண்டாவது முயற்சியில் பாஸாகி, மருத்துவராகித் திரும்பி, அத்திமரத்தடியில் ஆஸ்பத்திரி திறந்தாள். வரிசையில் யாரும் இல்லை. தவமணி விடுமுறைக்கு வந்தபோது ஏகாம்பரத்தின் வீட்டு முன் வரிசையில் முப்பத்தொரு விலங்குகள் நின்றன.

"நான் டாக்டர் இல்லைங்க. கோமதிகிட்டப் போங்க."

"உச்சிமலையில படிச்சும் எவ்வளவு அடக்கம் பாரு!" என்று காட்டுப்பன்றி நாக்கை நீட்டிக் காட்டியது.

தவமணி அப்பாவிடம் கெஞ்சினாள். "அப்பா, நாலு தடவை கட்டுப் போட்டா ஆறிடும்னு கோமதி சொல்றா. வாங்கப்பா."

"குளத்துல படிச்சவகிட்ட நான் காலை நீட்டுறதா? உச்சிமலைக்காரியோட அப்பன்மா நான்!"

ஏகாம்பரம் நொண்டி நொண்டி வரிசை முழுவதும் போய், முப்பத்தொரு பேரிடமும் இதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கால் இப்போது கட்டுரையில் எழுதியபடியே வலிக்கிறது.

நீதி: பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைக்காத கல்லூரியே சிறந்த கல்லூரி. கால் வலிப்பவர்கள் பொறுத்துக்கொள்க.