உடும்புக்கு வாங்கிய முட்டை

ஓர் உடும்பின் உயிரைக் காப்பாற்ற நூற்றுப் பதினாறு கரப்பான் பூச்சிகளைக் கொன்றவளை இரக்கமுள்ளவள் என்று சொல்லலாமா? நாலு வருஷமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும் சரியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் புறவாசல் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டு வைத்திருந்தேன். (எதற்கென்று கேட்காதீர்கள். என்றைக்காவது யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான்.)

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரத் துரைசானிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள் என்ற கர்வமும், இத்தனை படித்தும் ஒரு பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லையே என்ற பயமும் எனக்குச் சம அளவில் இருந்தன. மகனுக்கு ஏழு மாதம். அவன் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். அதனாலேயே அவன் விழித்துக்கொண்டு அழுவான். அழுதால், ஏன் அழுகிறான் என்று பயப்படுவேன்.

எங்கள் வீடு சேரன்மாதேவியில், கால்வாய்க்கரையை ஒட்டிய தெருவில் இருந்தது. நான், மகன், தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், அவருடைய தகப்பனார் ஆக நாலு பேர். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருமுன்பே காலமாகிவிட்டார். மாமா ஊர்ச் சைவ சபையின் அடுத்த தலைவராக வர வேண்டியவர். சைவத்தில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. நாங்கள் முருங்கைக்காயைக் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சப்பினாலே முகத்தைச் சுளிப்பார்.

அது ஆடி மாதத் தொடக்கம். கால்வாயில் புதுத்தண்ணீர் வந்த வாரம். விடிந்ததும் புறவாசலில் ஒரே காக்கைக் கூச்சல். போய்ப் பார்த்தால், தொழுவத்துச் சுவரோரம் ஒரு முழ நீளத்தில் ஓர் உடும்புக் குட்டி. பின்னங்கால் ஒன்று ஒடிந்து, வாழை நார் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காக்கைகள் அதைச் சுற்றி நின்று முறைவைத்துக் கொத்தின.

தொழுவம் கூட்ட வந்த மாடத்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, உடும்புல்லா! எங்கிட்டக் குடுங்க தாயி. எம் புருசனுக்கு இடுப்பு பிடிச்சுக் கெடக்கு. மொளகு தூக்கலாப் போட்டு வச்சுக் குடுத்தா மூணே நாள்ல எந்திருச்சிருவாரு."

"பாவம், கால் ஒடிஞ்சிருக்கே மாடத்தி."

"அதான் தாயி சொல்லுதேன். ஓடாது. பிடிக்கது லேசு."

உடும்பு என்னைப் பார்த்தது. மெய்யாகவே பார்த்ததா, கண் அந்தப் பக்கம் இருந்ததா, அதுவும் எனக்கு நிச்சயமில்லை. மகனுடைய இடுப்புத் துணியை அதன்மேல் போட்டு அப்படியே வாரி எடுத்தேன். எடுத்த பிறகுதான், இது கடிக்குமா என்று யோசித்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மாமரத்திலிருந்து விழுந்தபோது துரைசானி டீச்சர் கைக்குச் சிம்பு வைத்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதே முறையில் மூங்கில் சிம்பு இரண்டு சீவி, அரைத்த உளுந்து மாவைப் பூசி, பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக் கட்டினேன். கட்டிய பிறகு இறுக்கமோ என்று அவிழ்த்தேன். பிறகு தளர்வோ என்று மறுபடியும் கட்டினேன். நாலாவது தடவை அது உஸ்ஸென்று சீறியது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அரங்குவீட்டில், அதாவது சாமான் போடும் இருட்டறையில், ஓர் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் விட்டேன்.

அடுத்தது சாப்பாடு. ஒரு சைவ வீட்டுப் பெண் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். பருப்புச் சாதத்தில் நெய் விட்டு, கட்டியில்லாமல் மசித்து வைத்தேன். தொடவில்லை. மறுநாள் தயிர்ச் சாதம். அதற்கு மறுநாள் சிறுகீரைக் கடைசல். மூன்றாம் நாள் சாயங்காலம், உப்புப் போதாதோ என்று நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கச்சேரியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அப்பளம் பொரிச்சு வச்சியா?"

"இல்லையே. வைக்கணுமா?"

அவர் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த மகன் விழித்துக்கொண்டான். அப்போதுதான் என் பள்ளிப் பாடம் நினைவுக்கு வந்தது. 'ஊர்வன பூச்சிகளையும் முட்டைகளையும் தின்னும்.' பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவள் நான்.

அன்றிரவே விளக்கோடு சமையற்கட்டில் உட்கார்ந்து முதல் கரப்பானைப் பிடித்தேன். பெட்டியைத் தூக்கி உள்ளே விட்டதும், மின்னல் மாதிரி ஒரு கவ்வல். அவ்வளவுதான். பருப்புச் சாதத்துக்கு மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஜீவன் அது.

இரண்டு நாளில் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரிலிருந்த கரிக்கோடுகளைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஏம்மா, ஓர் உசிரைக் காப்பாத்தணும்னு இத்தனை உசிரைக் கொல்லுதியே, இது எந்தக் கணக்குல சேரும்?"

படிப்பு அந்த இடத்தில் உதவவில்லை.

"சரி, ஒடிஞ்ச காலோட வெளிய விட்டா நாய் கொண்டு போயிரும். கெடந்துட்டுப் போவுது. ஆனா ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சபை நம்ம வீட்டுல கூடுது. அன்னைக்குத்தான் தலைவர் பொறுப்பை எங்கிட்டக் குடுக்கப் போறாங்க. விடியறதுக்குள்ள அது இந்த வீட்டை விட்டுப் போயிரணும்."

எனக்கு மூன்று வாரம் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் ஒரு பக்கம் மகனுக்குக் கஞ்சி, ஒரு பக்கம் உடும்புக்குக் கரப்பான். (கை கழுவிவிட்டுத்தான், சந்தேகப்படாதீர்கள். மூன்று தடவை கழுவுவேன்.) கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அக்கம்பக்கத்து வீடுகளிலும் கரப்பான் தீர்ந்துபோயிற்று. உடும்போ, தின்னத் தின்ன வளர்ந்திருந்தது. பசியில் பெட்டியைப் பிறாண்டியது. கடைசியில் மாடத்தியிடம் மெதுவாக வாயைத் திறந்தேன். அவள் முந்தானையில் மூன்று கோழி முட்டைகளை முடிந்துகொண்டு வந்தாள்.

"சாம்பல்ல பொதச்சு வையுங்க தாயி. கெடாது. யாரு கண்ணுலயும் படாது."

பாத்திரம் துலக்கும் சாம்பல் பானை அடுப்படியில் இருந்தது. ஆனால் அதில் தினமும் பத்துத் தடவை கை போகும். யோசித்தேன். யோசித்து யோசித்து, அரங்குவீட்டு மூலையில் மாதக்கணக்கில் யாரும் திறக்காமல் கிடந்த இன்னொரு சாம்பல் பானையைக் கண்டுபிடித்தேன். அதில் ஆழப் புதைத்தேன். யோசிக்காமல் அடுப்படிப் பானையில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் முட்டையை வியாழக்கிழமை உடும்பு தின்றது. வெள்ளிக்கிழமை விடியற்காலம் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் விட்டுப் பார்த்தேன். காலை இழுத்துக்கொண்டுதான் போயிற்று. கட்டினால் இழுக்கிறதா, இன்னும் கூடவில்லையா? இந்த நிலையில் வெளியே விட்டால் தெருமுனை தாண்டாது. நாயிடம் தப்பினால் மாடத்தி வீட்டு மிளகு. மறுபடியும் பெட்டியைக் கவிழ்த்து, மேலே குழவிக்கல்லை வைத்தேன்.

"போயிட்டா?" என்று மாமா குளித்துவிட்டு வந்து கேட்டார்.

ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு தலையாட்டல் ஆட்டினேன்.

சாயங்காலம் சபைப் பெரியவர்கள் ஏழு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். வயது முதிர்ந்த தலைவரை ஊஞ்சல் பலகையில் உட்கார வைத்தார் மாமா. நான் கதவுக்குப் பின்னால், இடுப்பில் மகனோடு நின்றேன். பாட்டு முடிந்தது. மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அந்த அரங்குவீட்டுப் பானையை எடுத்துட்டு வா. சிவராத்திரிக்கு நானே சாணி உருட்டிச் சுட்ட திருநீறு. இன்னைக்குன்னு வச்சிருந்தேன்," என்றார்.

பாத்திரச் சாம்பலுக்கும் திருநீற்றுக்கும் வித்தியாசம் தெரியாத மருமகள்! என் வீட்டுக்காரர் இருட்டில் போய், ஓலைப்பெட்டியில் கால் இடறிக் குழவிக்கல்லை உருட்டிவிட்டு (அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது), பானையோடு என்னைக் கடந்து போனார். "இங்க பாருங்க" என்று கூப்பிட்டேன். "பொறு, பொறு" என்று போய்விட்டார்.

மாமா பானைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. முகம் மலர்ந்தது.

"உருண்டையும் கெடக்கே! உதிர்ந்திருக்கும்னுல்லா நெனச்சேன். முதல் உருண்டை தலைவருக்குத்தான்."

வெள்ளை வெளேரென்று சாம்பல் படிந்த அதை, இரண்டு கையாலும் நீட்டினார். தலைவர் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்ல கனம் வே. எந்தப் பசு?"

"நம்ம வீட்டுக் காராம்பசுதான்."

"அதானே பார்த்தேன். வழவழன்னு எப்படி இருக்கு!"

அப்போதாவது நான் கத்தியிருக்க வேண்டும். பெரியவர்கள் நடுவில் பெண்பிள்ளை பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தலைவர் அண்ணாந்து, "சிவ சிவா" என்று சொல்லி, உருண்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினார்.

முழங்கை வழியாக மஞ்சளாக ஒன்று வடிந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"பிள்ளைவாள்," என்றார் தலைவர் மெதுவாக, "இது சாணி இல்ல வே."

பக்கத்திலிருந்தவர் குனிந்து பார்த்தார். "மஞ்சக்கருல்லா!"

"உமக்கு எப்படி வே தெரியும், மஞ்சக்கருன்னு?" என்று மூன்றாமவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை என்று கேள்வி.

அடுத்த நொடி என் பாதத்தின் மேல் ஏதோ குளிர்ச்சியாக ஏறி இறங்கிற்று. முட்டை வாசனை பிடித்து, நாக்கை நீட்டி நீட்டி, என் உடும்பு சபைக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் எழுந்த வேகத்தில் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. தலைவர் இரண்டு காலையும் ஊஞ்சல்மேல் தூக்கிக்கொண்டார். அந்த அசைவில் ஊஞ்சல் ஆடத் தொடங்கிற்று. அது முன்னால் போகும்போதெல்லாம் அவர் உடும்பின் தலைக்கு மேலே வந்து, "ஐயையோ!" என்பார். பின்னால் போகும்போது, "பிடியும் வே!" என்பார். உடும்பு அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையில் சிந்தியதை நிதானமாக நக்கியது.

என் கண்ணுக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை. வரும் வழியில் கட்டு எங்கேயோ அவிழ்ந்து விழுந்திருந்தது. உடும்பு நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. நகர்ந்தது. நாலு காலும் நகர்ந்தன.

"நடக்குது!" என்று கத்தினேன். பிள்ளையோடு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றேன். "மாமா, பாருங்க! ஒடிஞ்ச காலை ஊனி நடக்குது! கூடிட்டு மாமா!"

மாமா என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். "முட்டை யாருது?" என்றார்.

"என்னுதுதான்" என்று பொய் சொல்ல என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். (அந்த ஒரு நொடிக்காகவே அவருடைய மற்றக் குறைகளை எல்லாம் பொறுத்துக்கொண்டு வருகிறேன்.) நான் முந்திக்கொண்டேன்.

"என்னுது மாமா. அதுக்காக வாங்கினேன். திருநீறுன்னு தெரியாம வச்சிட்டேன். காலையில அது போகல்லை. நான்தான் மறைச்சேன்."

சபையார் நேரே கால்வாய்க்குப் போய்த் தலை முழுகினார்கள். தலைமை வேறொருவருக்குப் போயிற்று. வீடு முழுக்கச் சாணி தெளித்து மெழுகினேன். மாமா பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. உடும்பை விட்டுவிடட்டுமா என்று என் வீட்டுக்காரர் மூலம் கேட்டபோது, "கால் நல்லா உரம் ஏறட்டும். இனிமே அவசரப்பட்டு எனக்கு என்ன ஆகப் போவுது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஆற்றங்கரையில் மருதமர வேர்களுக்குள் அதை விட்டேன். திரும்பியே பார்க்காமல் ஓடிற்று. அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்கு வந்த பெருமை, மகன் முதல் அடி வைத்தபோதும் வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் தாய் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் அவனுக்கு நான் சிம்பு கட்டவில்லையே.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் திருநீறு எடுக்குமுன் மரவைக் கிண்ணத்தை ஒரு தடவை குலுக்கிக் காதில் வைத்துப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர், "பயப்படாதீங்க, இன்னைக்குச் சைவம்தான்" என்பார்.

இப்போது நான் இதை எழுத வந்த காரணம் வேறு. பத்து நாளைக்கு முன் மாமா குளித்துவிட்டு வரும்போது, ஈரத் துண்டில் சுருட்டி ஒரு பச்சோந்தியைக் கொண்டுவந்தார். விலாவில் ஏதோ குத்திக் காயம். "கள்ளிப் புதர்ல கெடந்தது. எனக்கென்ன, நீதான் பார்க்கணும்," என்றார். "ஆனா ஒண்ணு, கரப்பான் கூடாது. அதுவும் கூடாது." (எது என்று நான் கேட்கவில்லை.)

அன்றிலிருந்து காலையும் மாலையும் அதன் முன்னால் உட்கார்ந்து கொத்தமல்லித் தழையை நீட்டுகிறார். அது ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் என்னையும் பார்க்கிறது. காயம் ஆறி, நன்றாகத் தேறி வருகிறது. கொத்தமல்லியினால்தான் தேறுகிறது என்று மாமா படித்துறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மாமா குளிக்கப் போகும் வேளையில், வயலோரத்து வெட்டுக்கிளிகளோடு நான் வந்துபோவது அவருக்குத் தெரியாது. வரும் கார்த்திகையில் சபை மறுபடியும் எங்கள் வீட்டில் கூடுகிறது. சைவமாக மாறிய பச்சோந்தியைச் சபையார் முன்னால் கொத்தமல்லி தின்னச் செய்து காட்டப் போவதாக மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்தக் கூடத்தில் தலை நிமிர்ந்து உட்காரப் போகும் நாள் அது.

மாமா பெண்கள் பத்திரிகை வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன். சகோதரிகளே, உண்மையை அவரிடம் சொல்லிவிடலாமா? இல்லை, பச்சோந்திக்குக் கொத்தமல்லி தின்னப் பழக்கும் வழி உங்களில் யாருக்காவது தெரியுமா? எதுவானாலும், தயவுசெய்து கார்த்திகைக்குள் எழுதுங்கள்.