உங்கள் அண்ணன் எதையும் தூக்கிப் போடுவதில்லை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான். போன தடவை வந்தபோது, பிடி உடைந்த மக்கில் உங்கள் அண்ணன் கரண்டிகளைச் செருகி வைத்திருந்ததைப் பார்த்து, "அண்ணன் கை பட்டா குப்பைகூடப் பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு ரயிலேறிவிட்டீர்கள். மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலை ஸ்டோரில் அவருக்கு வேலையே, எது இனி உதவாது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கழித்துவிடுவதுதானே. ஓய்வு பெற்றபின் அந்தப் பாவத்துக்கெல்லாம் என் வீட்டில் பரிகாரம் நடக்கிறது. குக்கரின் பழைய ரப்பர் வளையத்தில் துண்டு தொங்குகிறது. குடைக்கம்பியில் என் ரவிக்கைகள் காய்கின்றன. குளிக்கும்போது ஷாம்பு பாட்டிலை அமுக்கினேன். வந்தது தையல் மெஷின் எண்ணெய். தலையில் தேய்த்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால், துருப்பிடிக்காது என்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் தம்பி. உட்காரும் பாகம் பிய்ந்த நாற்காலி ஒன்றை, தன் பழைய பெல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஹாலின் நடுவே போட்டார். தண்ணீர்த் தொட்டி விஷயம் பேச வந்த வீட்டுக்காரம்மா, மற்ற நாற்காலிகளை விட்டுவிட்டு நேரே அதில் போய் உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கால் இரண்டும் தாடையில் முட்ட, அந்த அம்மா நாற்காலிச் சட்டத்துக்குள் மடங்கிப் போய்விட்டார். நான் கையைப் பிடித்து இழுக்கிறேன், ஆள் வரவில்லை. உங்கள் அண்ணன் உதவுவார் என்று பார்த்தால், தரையில் குப்புறப் படுத்து நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்க்கிறார். "கொஞ்சம் அசையாம இருங்க, எந்த பெல்ட் விட்டுச்சுன்னு பார்த்துடறேன்."

ஒருவழியாக வெளியே வந்த அந்த அம்மா கத்தவில்லை. சேலையைச் சரி செய்துகொண்டு, "மாசக் கடைசிக்குள்ள இந்தச் சாமானெல்லாம் போகணும். இல்லேன்னா நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எவ்வளவு அலைந்து பிடித்த வீடு இது. சமையலறையில் வெளிச்சமும் காற்றும் இருக்கிற வீடு எனக்கு வாய்த்தது இதுதான். அழுதே விட்டேன். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். அதற்கு அவர், "நல்லா இருந்த சாமானுக்கெல்லாம் உதவாதுன்னு கையெழுத்துப் போட்டேன். கடைசியில எனக்கும் ஒருத்தன் போட்டான். இனிமே என்னால முடியாது" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காகத் தெருவிலா போய் நிற்க முடியும்?

ஆகவே உடனே ஒரு வேன் பிடித்து வாருங்கள். சாமான் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போங்கள். அவரும் கூட வருவேன் என்று அடம் பிடித்தால் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பாராட்டினவர் நீங்கள், நீங்களே அனுபவியுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் பெரியப்பாவைப் போல ஆகாமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த அண்ணி

பின்குறிப்பு: உறை தேடி ஹாலுக்கு வந்தால் வீடே வெறிச்சோடிக் கிடந்தது. நான் உள்ளே இதை எழுதிக்கொண்டிருந்தபோது, அவரே எல்லாவற்றையும் தெருமுனைக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நீ அழாத, அவ்வளவுதான்" என்றார். தம்பி, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். குப்பை வண்டிக்காரர் பாதியை ஏற்றிவிட்டார். இறக்கச் சொன்னேன். உதவாத சாமான் என்று நினைத்தேன் அம்மா என்றார் அவர். "எது உதவும், எது உதவாதுன்னு சொல்ல எங்க வீட்ல ஆள் இருக்கு" என்று சொல்லி, நானே ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தேன். வேன் வேண்டாம். உங்கள் பக்கத்தில் பெரிய பால்கனியோடு வீடு ஏதாவது காலியாக இருந்தால் சொல்லுங்கள்.