எலுமிச்சம்பழத்தில் ஓடிய இன்டர்நெட்

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், 2008ஆம் ஆண்டு ஒரு பேய் கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. சிரிக்காதீர்கள். முந்நூறு பேர் பார்த்தோம். முந்நூறு பேர் பார்த்துவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடித்து அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். மேசைமேல் நிற்கும் பெட்டியின் முன்பக்க ஓட்டையில், விரல் நீளத்துக்கு ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே தோட்டத்து ஆபீசிலிருந்து கம்பியில்லாமல் இன்டர்நெட்டைப் பிடித்துத் தருவது அந்தக் குச்சிதான். ஞாயிற்றுக்கிழமைகளில், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்கள் திரையில் வந்து பிள்ளைகளோடு பேசுவார்கள். பிள்ளை "அம்மா" என்று வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் குச்சியின் பச்சை விளக்கு அணையும். திரையில் அம்மா அசையாமல் நிற்பாள். பிறகு அவளும் போய்விடுவாள். பிள்ளை அழும்.

ஒருநாள் திரையில் ஏதோ இங்கிலீசில் வந்தது. ஆபீஸ் கிளார்க் புவனேந்திரன் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"டிரைவரைக் காணேல்லை எண்டு எழுதியிருக்கு."

அவ்வளவுதான். பேச்சு தீப்பிடித்தது.

எங்களுக்கு டிரைவர் என்றால் ஒருவர்தான். இருபது வருடம் கொழுந்து லொறி ஓட்டிய வீரசிங்கம். நெஞ்சுவலியில் போய் ஒன்றரை வருடம். இப்போது புது ஆள் ஓட்டினாலும் அந்தப் பெயர் அவருக்குத்தான்.

"எங்க காணோம்? இந்தா, பொட்டிக்குள்ள உக்காந்திருக்காரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அது அந்த டிரைவர் இல்லை என்று சொல்லப் புவனேந்திரன் ஐயா வாயெடுத்தார். வேறு எந்த டிரைவர் என்று அவருக்கும் தெரியாததால் மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வெலிமடையிலிருந்து கரண்ட் சாமி வந்திறங்கினார். மின்சாரத்தில் புகுந்த பேய்களை ஓட்டுவதில் விசேஷப் பயிற்சியாம். லீக்ஸ் காய்கறி வியாபாரம் படுத்ததும் சாமியானவர் என்று யாரோ சொன்னார்கள். அதைக் காதில் வாங்க எங்களுக்கு ஏது நேரம்? உடுக்கு அடித்தார். கண் எரியும்வரை சாம்பிராணி போட்டார். குச்சிக்கு அடியில் பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் காவலுக்கு வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது! கூட்டம் அரோகரா போட்டது. நானும் போட்டேன். என் குரல்தான் பெரிது.

நாலைந்து நாளில் விளக்கு அணைந்தது. சாமி மறுபடி வந்தார். புதுப் பழம், புது வேட்டி, புதுச் சேவல். இப்படியே இரண்டு மாதத்தில் எட்டுச் சேவல் வெலிமடைக்கு பஸ் ஏறியது. வீரசிங்கம் உயிரோடிருந்தபோது யாரிடமும் ஒரு முட்டை கேட்டதில்லை.

ஒன்பதாவது தடவை சாமி பேச்சை மாற்றினார்.

"பேய் பொண்டாட்டிய விட்டுப் போகமாட்டேங்குது. கருப்பம்மா லயத்துல இருக்கிற வரைக்கும் லைன் நிக்காது. அவ காம்பராவ பூட்டி ஆள அனுப்புங்க."

இருபத்தாறு வருடம் இந்த மலையில் கொழுந்தெடுத்தவள் கருப்பம்மா. லயத்து வரிசை அறைகளில் அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தோட்டத்துத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்தார். கூட நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த பெண்களே அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு சாமியோடு தோட்டமே பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றது. கருப்பம்மா ஒரு துணிமூட்டையோடு ஓரமாக நின்றாள். பிரசவத்துக்காக மூன்று மாதம் லீவில் இருந்த கம்ப்யூட்டர் டீச்சர் ஆர்த்திகாவும் அன்றுதான் பதுளையிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். குனிந்து குச்சியைப் பார்த்தார். பழத்தை எடுத்தார்.

"சாமி, பழம் காஞ்சு சுருங்கிப்போச்சே?"

"பேயோட உக்கிரம்மா அது!"

"ஓட்டை லூசுங்க. பழம் பெருசா இருந்தா குச்சியத் தாங்குது. சுருங்கினா குச்சி தொங்குது, லைட் அணையுது." டீச்சர் கூட்டத்தைப் பார்த்தார். "யார்கிட்டயாச்சும் உருளைக்கிழங்கு இருக்கா?"

சந்தைக்குப் போய் வந்திருந்த இராக்கம்மா பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அதைக் குச்சிக்கு அடியில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. உடுக்கு இல்லை, புகை இல்லை.

"கெழங்குக்கு என்னா மந்திரம் சொன்னீங்க டீச்சர்?" என்றாள் இராக்கம்மா.

"கழுவக்கூட இல்ல."

பிறகு டீச்சர் குச்சியைப் பிடுங்கிப் பெட்டியின் பின்பக்க ஓட்டையில் இறுக்கமாகச் செருகினார். திரையில் அதே இங்கிலீசு வந்தது.

"ஐயோ, திரும்பவும் டிரைவர்!" என்று பின்வாங்கினார் புவனேந்திரன் ஐயா.

டீச்சர் மேசை லாச்சியிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். "டிரைவர்னா இதுதாங்க ஐயா. குச்சிய எப்படி ஓட்டணும்னு பொட்டிக்குச் சொல்லிக் குடுக்கிற பாடம். ஓட்டைய மாத்தினா திரும்பக் கேக்கும்." சீடியைப் போட்டார். பச்சை விளக்கு நின்று எரிந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார் ஐயா.

சாமிக்கு வேர்த்தது. ஒன்பதாவது சேவல் கையைவிட்டுப் போகிறதே! சட்டென்று கண்ணைச் செருகி ஆடத் தொடங்கினார்.

"ஏய் கருப்பம்மா! நான் வீரசிங்கம் வந்திருக்கேன்டீ! காம்பராவ விட்டுப் போடீ!"

பாதிக் கூட்டம் காலில் விழுந்தது. கண்முன்னால் கிழங்கைப் பார்த்த அதே கூட்டம்தான்.

கருப்பம்மா மூட்டையைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு என்னைய ஒருநாளும் 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்ல. சரி, வந்ததுதான் வந்தீங்க. ஒங்க லொறி இந்தா நிக்குது. ஏறி அந்த முடக்கு திரும்புற வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. ஓட்டிட்டீங்கன்னா இப்பவே காம்பரா சாவியத் தந்துட்டுப் போறேன்."

"அதானே!" என்றது கூட்டம். விழுந்தவர்களே எழுந்து சாமியைத் தூக்கி லொறி சீட்டில் வைத்தார்கள். புது டிரைவர் சாவியைக் கொடுத்தார். சாமி எதையோ திருகினார். வைப்பர் ஆடியது. எதையோ அமுக்கினார். ஹோர்ன் அலறியது. லொறி அசையவில்லை.

"க்ளச்ச மிதிங்க!" என்று கத்தினார் புது டிரைவர்.

"அது எது?" என்று கேட்டது வீரசிங்கத்தின் ஆவி.

மலையே சிரித்தது. சாமி மறுபக்கக் கதவால் குதித்து ரோட்டில் ஓடினார். வேட்டி லொறிக் கதவில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

தலைவர் கருப்பம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்தார். "மனசுல வச்சுக்காத, கருப்பம்மா."

"எட்டுச் சேவல் குடுத்தீங்க. அவரு செத்தன்னைக்கு எனக்கு ஒரு வாய் கஞ்சி குடுத்தது யாருங்க?"

அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு தன் காம்பராவுக்கு நடந்தாள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை எந்தச் சாமிமேலாவது யாராவது வந்திறங்கினால், அவசரப்பட்டுக் காலில் விழாதீர்கள். முதலில் க்ளச் எது என்று கேளுங்கள்.